பழமொழியாகிப்போன விதிகள்

1920 ஜனவரி 13 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தலையங்கப் பக்கம் ராபர்ட் காடர்ட் என்ற இயற்பியல் பேராசிரியருக்குப் பாடம் எடுத்தது. ராக்கெட்டைக் கொண்டு நிலவையும் எட்டலாம் என்ற யோசனை அடங்கிய அவருடைய ஆய்வறிக்கை அப்போதுதான் வெளிவந்திருந்தது. காற்றே இல்லாத வெளியில் ராக்கெட் எதை உதைத்து முன்னேறும், எதிர்வினை வேண்டுமென்றால் எதிரே ஏதாவது இருக்க வேண்டாமா, பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்பது அந்தத் தலையங்கத்தின் ஏளனம். 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 புறப்பட்ட மறுநாள், அதே நாளிதழ் வருத்தம் தெரிவித்துச் சிறிய திருத்தம் ஒன்றை வெளியிட்டது. காடர்ட் இறந்து அதற்குள் ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பத்திரிகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதில் கவனிக்க வேண்டியது வேறு. தலையங்கம் எழுதியவருக்கு நியூட்டனின் மூன்றாம் விதி தெரிந்திருந்தது. அந்த விதியின் பெயரால்தான் அவர் காடர்டைக் கண்டித்தார். விதி சொல்லும் வாக்கியம் அவருக்கு மனப்பாடம். விதி என்ன சொல்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

ராக்கெட் பின்னால் இருக்கும் காற்றைத் தள்ளவில்லை, தன் வயிற்றுக்குள் எரியும் வாயுவைத் தள்ளுகிறது. வாயு ராக்கெட்டைத் தள்ளுகிறது. இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்கின்றன, இரண்டு விசைகளும் அளவில் சமம், ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளின் மேல் செயல்படுகிறது. வெளியே காற்று இருப்பது இந்தக் கணக்கில் ஓர் இடைஞ்சலே தவிர உதவி அல்ல. காடர்ட் வெற்றிடத்தில் ராக்கெட்டை இயக்கிப் பார்த்து, உந்துவிசை அங்கே குறையவில்லை என்பதைத் தன் அறிக்கையிலேயே எழுதியிருந்தார். ஆனால் மூன்றாம் விதியை அளவும் இல்லாமல், எந்த இரு பொருள்களுக்கு இடையே என்ற கேள்வியும் இல்லாமல், ‘உதைத்தால்தான் நகர முடியும்’ என்ற அனுபவ மொழியாகச் சுருக்கி வைத்திருப்பவருக்குச் சோதனை முடிவுகள் கண்ணில் படுவதில்லை. இயற்கையின் அடிப்படை விதிகளைப் பொதுச் சமூகம் தவறாகப் புரிந்துகொள்வது அறியாமையால் என்று சொல்வது வழக்கம். என் எண்ணம் வேறு. விதிகள் நமக்குத் தெரியும். அவற்றைப் பழமொழிகளாகத் தெரிந்து வைத்திருக்கிறோம். பழமொழிக்கு அளவு கிடையாது, எல்லை கிடையாது. அதை எதற்கும் பொருத்தலாம், வேண்டாதபோது அதற்கு நேர் எதிரான இன்னொரு பழமொழியை எடுத்துக்கொள்ளலாம். இயற்கை விதி என்பது இவ்வளவு, இன்ன பொருளில், இன்ன நிபந்தனைகளுக்குள் என்று சொல்லும் கூற்று. அந்த மூன்றையும் கழித்துவிட்டால் மிஞ்சும் வாக்கியம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது விதியாகாது.

தமிழ் மேடைகளில் இதே மூன்றாம் விதி அடைந்திருக்கும் வாழ்வைப் பார்க்கலாம். செய்தவன் அனுபவிப்பான் என்பதற்கு நியூட்டனைச் சாட்சிக்கு அழைக்காத ஆன்மிகச் சொற்பொழிவு குறைவு. அரசியல் பேச்சில் வன்முறைக்கு வன்முறைதான் பதில் என்பதற்கும் அவரே சாட்சி. அந்த விதியில் காலத் தாமதத்துக்கு இடமே இல்லை; இன்று செய்ததற்கு நாளை பலன் என்று அது சொல்லவில்லை. செய்தவருக்கே திரும்பிவரும் நீதியும் அதில் இல்லை. சுவரை நான் தள்ளும்போது சுவர் என்னைத் தள்ளுவது நான் செய்த குற்றத்துக்குத் தண்டனை ஆகாது. அந்த இரு தள்ளல்களில் எது முந்தியது, எது விளைவு என்றுகூட விதி பிரிப்பதில்லை. ஒப்புமைக்காகச் சொல்கிறோம், அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். ஒப்புமை என்று சொல்லிச் சொன்னால் கெடுதல் இல்லைதான். ஆனால் மேடையில் அது ஒப்புமையாக வருவதில்லை. விஞ்ஞானமே நிரூபித்துவிட்டது என்ற முத்திரையோடு வருகிறது. அறம் பற்றிய ஒரு கூற்று தன் நியாயத்தைத் தானே சொல்லி நிற்க வேண்டிய இடத்தில் இயற்பியலின் அதிகாரத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது. அதில் அறமும் வளர்வதில்லை, இயற்பியலும் விளங்குவதில்லை.

படிப்பு குறைவால்தான் இப்படி என்று நினைத்தால் சான்றுகள் அதற்கு ஒத்துவரவில்லை. 1980இல் மைக்கேல் மெக்லாஸ்கியும் அவருடைய சகாக்களும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு படத்தைக் காட்டினார்கள். வளைந்த குழாய்க்குள் வேகமாகச் செல்லும் உருண்டை வெளியே வந்ததும் எந்தப் பாதையில் போகும் என்பது கேள்வி. விசை ஏதும் இல்லையென்றால் நேர்கோடுதான். ஆனால் கணிசமானோர் வளைந்த கோட்டையே வரைந்தார்கள். குழாய்க்குள் வளைந்து பழகிய உருண்டை வெளியே வந்தும் அந்த வளைவைத் தன்னோடு கொண்டுபோகும் என்று நம்பினார்கள். அவர்களில் இயற்பியல் படித்தவர்களும் இருந்தார்கள். 1987இல் எடுக்கப்பட்ட ஓர் ஆவணப்படத்தில், ஹார்வர்டு பட்டமளிப்பு நாளில் கோடைக்கும் குளிருக்கும் காரணம் கேட்கப்பட்ட 23 பேரில் 21 பேர் சரியாக விளக்கவில்லை. பூமி சூரியனை நெருங்குவதும் விலகுவதும்தான் காரணம் என்பது பலருடைய பதில். இவர்கள் எல்லோரும் தேர்வில் விதிகளைச் சரியாக எழுதியவர்களாகத்தான் இருப்பார்கள். தேர்வுத்தாளில் நியூட்டனும் தெருவில் அரிஸ்டாட்டிலும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்க முடிகிறது. காரணமும் விளங்காததல்ல. நாம் பிறந்து வளர்வது உராய்வு நிறைந்த உலகத்தில். தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது என்பதை உடம்பு ஆயிரம் முறை கற்றுக்கொள்கிறது; தள்ளாவிட்டாலும் நிற்காது என்று பாடநூல் ஒரே ஒரு முறை சொல்கிறது. அந்த ஒரு முறையிலும் ‘உராய்வு இல்லாதபோது’ என்ற நிபந்தனையை நாம் வாய்ப்பாட்டு வேகத்தில் கடந்துவிடுகிறோம். விதியின் உயிர் அந்த நிபந்தனையில் இருக்கிறது.

அளவைக் கழித்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நாடறிந்த சான்று உண்டு. 1996இல் ராஜபாளையம் பக்கத்து இளைஞர் ராமர் பிள்ளை, மூலிகைத் தழையைத் தண்ணீரோடு சேர்த்துக் காய்ச்சி எரிபொருள் தயாரிப்பதாகச் சொன்னார். டெல்லி வரை அழைக்கப்பட்டு அரசு அறிவியலாளர்கள் முன்னிலையில் செய்துகாட்டினார். சில நாள்கள் நாட்டின் நாளிதழ்களெல்லாம் அவரைக் கொண்டாடின. கலக்கும் குச்சிக்குள் எரிபொருள் மறைத்துவைக்கப்பட்டிருந்ததாகப் பிறகு செய்திகள் வந்தன. 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கும் கூட்டாளிகளுக்கும் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அப்போது நடந்த விவாதத்தின் வடிவம்தான் நமக்கு முக்கியம். ஒரு பக்கம் படிக்காத கிராமத்து மேதை, மறு பக்கம் அவரை ஏற்க மனமில்லாத படித்த வர்க்கமும் எண்ணெய் நிறுவனங்களும் என்றே அது அமைந்தது. தண்ணீரிலிருந்து பெட்ரோல் வராது என்று சொன்ன விஞ்ஞானி, அதிகாரி போட்ட தடையுத்தரவை வாசிப்பவர் போலத் தோன்றினார். தடையுத்தரவு என்றால் அதை மீறுவது வீரம்தானே?

ஆனால் அங்கே யாரும் எதையும் தடைசெய்யவில்லை. எளிய கூட்டல் கழித்தல்தான் இருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். அதில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் கார்பன், அதாவது சுமார் 630 கிராம். தண்ணீரில் கார்பன் இல்லை, அது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மட்டுமே. ஆகவே அத்தனை கார்பனும் தழையிலிருந்தே வர வேண்டும். நன்றாகக் காய்ந்த தழையில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத்தான் கார்பன் இருக்கும். ஓர் அணுகூட வீணாகாமல் மாற்றினாலும் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ காய்ந்த தழை வேண்டும். பச்சைத் தழை என்றால் அதைப்போலப் பல மடங்கு. ஒரு கைப்பிடி போதாது. ஆற்றல் கணக்கும் அப்படியே. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன்; 18 கிராம் தண்ணீரைப் பிரிக்க 286 கிலோஜூல் கொடுத்தால், பிரிந்ததை மறுபடி எரிக்கும்போது அதே 286 கிலோஜூல்தான் திரும்பி வரும், இழப்புகள் போக அதற்கும் குறைவாக. ஒரு தனிமம் இன்னொன்றாக மாறாதா என்று கேட்டால், மாறும். சூரியனின் மையத்திலும் அணு உலையிலும் மாறுகிறது. அடுப்பில் வைத்த பானையின் வெப்பத்தில் அணுக்கருக்கள் அசைந்து கொடுப்பதில்லை. எல்லை என்பது இதுதான். இந்தக் கணக்கு பதினோராம் வகுப்பு வேதியியலைத் தாண்டாது. குச்சிக்குள் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே அதன் பிறகு இல்லை. கார்பன் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது என்பது பானையைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பாரிஸ் அறிவியல் கழகம் 1775இல் நிரந்தர இயக்கப் பொறிகளை இனிப் பரிசீலிக்கப்போவதில்லை என்று தீர்மானித்ததைத் திமிர் என்பார்கள். எத்தனையோ பேர் தங்கள் வாழ்வையும் பணத்தையும் அதில் தொலைத்த பிறகு எடுத்த முடிவு அது.

இது நம் ஊர்க் கோளாறு மட்டுமல்ல. 2012இல் பாகிஸ்தானில் ஆகா வக்கார் அகமது என்ற பொறியாளர் தண்ணீரில் ஓடும் காரைத் தொலைக்காட்சியில் காட்டினார். அமைச்சர் ஏறி அமர்ந்தார், அந்நாட்டின் அணுகுண்டுத் திட்டத்தோடு பெயர் பிணைந்த அப்துல் கதீர் கானே இதில் மோசடி இல்லை என்றார். பர்வேஸ் ஹூத்போய் போன்ற இயற்பியலாளர்கள் சிலர் வெப்ப இயக்கவியலைச் சுட்டிக்காட்டியபோது நாட்டுப்பற்று இல்லாதவர்கள் போலப் பார்க்கப்பட்டார்கள். இரண்டு நிகழ்விலும் ஏமாந்தவர்கள் பாமரர்கள் மட்டும் இல்லை. பட்டம் பெற்றவர்கள், பதவியில் இருந்தவர்கள். ‘ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது’ என்று எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர்கள் சொல்லியிருப்பார்கள். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

விதியை மதிக்காமல் போவது ஒரு பக்கம் என்றால், அளவுக்கு மீறி மதித்து அதன் எல்லைக்கு வெளியே இழுத்துச் செல்வது மறுபக்கம். உயிரினங்களின் பரிணாமத்தை மறுப்பவர்கள் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைக் கொண்டுவருவார்கள்: எதுவும் ஒழுங்கிலிருந்து ஒழுங்கின்மைக்குத்தான் போகும், அப்படியிருக்க ஒற்றைச் செல்லிலிருந்து மனிதன் எப்படி? விதியில் ‘வெளியிலிருந்து தனிமைப்படுத்தப்பட்ட அமைப்பில்’ என்று ஒரு நிபந்தனை உண்டு. பூமி அப்படிப்பட்ட அமைப்பே அல்ல. சூரியனிடமிருந்து பெறும் ஆற்றலை ஏறத்தாழ அதே அளவில் அது விண்வெளிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆனால் வாங்குவது ஓர் ஒளித்துகள் என்றால் அனுப்புவது சுமார் இருபது அகச்சிவப்புத் துகள்கள். ஆற்றல் அதே, அது சிதறியிருக்கும் விதம்தான் இருபது மடங்கு. அந்தச் சிதறலில் கூடும் ஒழுங்கின்மையோடு ஒப்பிட்டால் பூமியில் உயிர் சேர்த்துவைத்திருக்கும் ஒழுங்கு அற்பம். நிச்சயமின்மைக் கோட்பாட்டுக்கும் இதே கதிதான். எதையும் உறுதியாக அறிய முடியாது, பார்ப்பவரின் மனம்தான் உலகைப் படைக்கிறது என்பதற்கெல்லாம் ஹைசன்பர்க்கை இழுக்கிறார்கள். 160 கிராம் கிரிக்கெட் பந்தின் இருப்பிடத்தை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குத் துல்லியமாக அறிந்தாலும், நொடிக்கு இத்தனை மீட்டர் என்று அளக்கும் அதன் வேகத்தில் அந்தக் கோட்பாடு விதிக்கும் ஐயம் தசமப் புள்ளிக்குப் பின் 27 சுழியங்களைக் கடந்த பிறகுதான் தலைகாட்டும். எலக்ட்ரானுக்கு அது வாழ்வா சாவா பிரச்சினை. பந்துக்கு ஒன்றுமே இல்லை. நிச்சயமின்மை எவ்வளவு என்பதை அவ்வளவு நிச்சயமாகச் சொல்லும் கோட்பாட்டை, எதுவுமே நிச்சயமில்லை என்று படிப்பது விந்தை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். விதிகள் மாறித்தானே வந்திருக்கின்றன? நியூட்டனை ஐன்ஸ்டைன் கவிழ்க்கவில்லையா? நேற்றைய விதி இன்று பொய்யாகும்போது இன்றைய விதியை நாளைக்கும் உண்மை என்று எந்த முகத்தோடு சொல்வது? விதிகள் மாறியது உண்மை. மாறிய விதத்தைத்தான் பார்க்க வேண்டும். புதன் கோளின் சுற்றுப்பாதை நூறாண்டுக்கு 43 விகலை அளவுக்கு நியூட்டனின் கணக்கோடு முரண்பட்டது. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. ஐன்ஸ்டைனின் கோட்பாடு அந்த 43ஐ 1915இல் சரியாகத் தந்தது. அதே கோட்பாடு, வேகமும் ஈர்ப்பும் குறைவாக உள்ள இடத்தில் நியூட்டனின் விடைகளையே தருகிறது. அப்போலோ விண்கலங்கள் நிலவுக்குப் போக நியூட்டனே போதுமானவராக இருந்தார். கவிழ்ந்தது நியூட்டனின் விதியல்ல, அதற்கு எல்லையே இல்லை என்ற நம்பிக்கை. ஆற்றல் மாறா விதியைக்கூட விஞ்ஞானிகள் பூசித்துக்கொண்டிருக்கவில்லை. தனித்தனி நிகழ்வுகளில் அது பொருந்தாமல் போகலாம் என்று 1924இல் நீல்ஸ் போரும் வேறு இருவரும் எழுதினார்கள். மறு ஆண்டே போத்தேயும் கைகரும் அளந்து பார்த்து, பொருந்துகிறது என்று காட்டினார்கள். பீட்டா சிதைவு என்ற கதிரியக்க நிகழ்வில் ஆற்றல் காணாமல் போவது போலத் தோன்றியபோதும் போர் விதியைக் கைவிடத் தயாராகவே இருந்தார். 1930இல் பவுலி மட்டும், காணாத துகளொன்று அதைக் கொண்டுபோகிறது என்று கணக்கை நேர்செய்தார். அந்தத் துகள், நியூட்ரினோ, 1956இல் அகப்பட்டது. அதே ஆண்டு லீயும் யாங்கும் வேறொரு விதியின் மேல், இடத்துக்கும் வலத்துக்கும் இயற்கை பேதம் பார்ப்பதில்லை என்ற விதியின் மேல், ஐயம் எழுப்பினார்கள். சியன்-ஷியுங் வூ கோபால்ட்-60ஐத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்துச் சோதித்தார். விதி உடைந்தது, 1957இலேயே லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. விதியை உடைத்தவரை அறிவியல் உலகம் விரட்டவில்லை. எந்த விதி, எந்தச் சூழலில், எவ்வளவு உடைகிறது என்று சொல்லிவிட்டு உடைக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். மூலிகை பெட்ரோலுக்கும் கோபால்ட் சோதனைக்கும் வேறுபாடு, செய்தவரின் பட்டத்தில் இல்லை.

சரி, விஞ்ஞானிகளே விதியின் பெயரால் பிழை செய்ததில்லையா என்பது அடுத்த மறுப்பு. செய்திருக்கிறார்கள். உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்துவர எவ்வளவு காலம் ஆகும் என்று 1862இல் கணக்கிட்ட கெல்வின் பிரபு, அதன் வயது 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்குள் என்றார். பிற்பாடு 4 கோடிக்கு மேல் போகாது என்று இறுக்கினார். உண்மை ஏறத்தாழ 454 கோடி. டார்வினைக் கலங்கவைத்த கணக்கு அது. அதில் தவறியது வெப்பக் கடத்தல் விதி அல்ல. பூமியின் உள்ளே வெப்பம் கடத்தலால் மட்டுமே பரவுகிறது என்ற அனுமானம். அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெர்ரி 1895இல் அந்த அனுமானத்தைத்தான் தாக்கினார். விதியை ஏற்றுக்கொண்டு, அது பொருந்தும் நிபந்தனை இங்கே இருக்கிறதா என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்குக் கெல்வினின் பட்டமும் புகழும் ஒரு பொருட்டாகவில்லை. ஆகவே விதியை அளவோடும் எல்லையோடும் அறிவது நிபுணருக்குப் பணிந்துபோவது என்று பொருளாகாது. நிபுணரை மறிப்பதற்குச் சாதாரண மனிதர் கையில் இருக்கும் கருவியும் அதுதான்.

விதிகள் தங்கள் எல்லையைத் தாமே சொல்லவும் வல்லவை. எம்மி நோதர் 1918இல் நிறுவிய தேற்றம் ஆற்றல் ஏன் மாறாமல் இருக்கிறது என்பதற்கு அடி காட்டியது: இயற்கையின் விதிகள் இன்றும் நாளையும் ஒன்றாக இருப்பதால். அந்தக் காலச் சீர்மை இருக்கும் வரை ஆற்றல் மாறாது. விரிந்துகொண்டிருக்கும் பிரபஞ்சம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் அந்தச் சீர்மை இல்லை. அங்கே மொத்த ஆற்றல் என்ற பேச்சே சிக்கலாகிவிடுகிறது. ஆற்றல் மாறாது என்ற வாக்கியத்தை மட்டும் அறிந்தவருக்கு இது அதிர்ச்சி, அல்லது விதி தோற்றது என்று கைதட்ட ஒரு வாய்ப்பு. ஏன் மாறாது என்று அறிந்தவருக்கு எங்கே மாறலாம் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. அடுப்பும் காரும் அந்த எல்லைக்கு மிக உள்ளே இருக்கின்றன என்பதும் தெரிந்துவிடுகிறது.

எல்லோரும் இயற்பியலாளர் ஆக முடியுமா, இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்கலாம். எல்லோரும் கணக்குப் போட வேண்டியதில்லை. இங்கே ஒரு கணக்கு உண்டு, அதைக் கேட்டு வாங்கலாம் என்ற உணர்வு போதும். அதைப் பள்ளிதான் தர முடியும், இப்போது பள்ளி அதைத் தருவதில்லை. ‘விதியைக் கூறுக’ என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்கு எழுதப்படும் விடை அடிபிறழாமல் இருந்தால் முழு மதிப்பெண். அந்த விதி எங்கே பொருந்தாது, பொருந்தும் இடத்தில் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. இப்படி வாங்கிய மதிப்பெண்ணோடு வெளியே வருபவர் விதியை வணங்குவார், இல்லையென்றால் அதை மீறியவரை வணங்குவார். இரண்டும் ஒரே பழக்கத்தின் இரு திசைகள். அதனால்தான் அறிவியலைப் போற்றும் நாளிதழே மறுவாரம் தண்ணீர்க் காரையும் போற்ற முடிகிறது. ‘இந்த விதி பொருந்தாத ஓர் இடத்தைச் சொல்லி, ஏன் பொருந்தாது என்று விளக்குக’ என்ற வினா தேர்வுத்தாளில் இடம்பெற்றால் மனப்பாடம் அங்கே உதவாது. அந்த வினாவுக்கு விடை எழுதப் பழகிய தலைமுறை நியூட்டனுக்கு இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் மரியாதை காட்டும், ஆனால் அவர் சொன்னதை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் புரிந்துகொண்டிருக்கும்.